லேப்டாப்பில் பதிவான பாடங்களில் இரைச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் தன்னார்வக் குழு ஒன்றில், வந்து சேரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை. வாசிப்பவர்கள் அவரவர் வீட்டில், கையில் இருக்கும் லேப்டாப்பிலோ போனிலோ பதிவு செய்து அனுப்புவார்கள். ஸ்டுடியோ என்று எதுவும் கிடையாது.

இந்த ஆய்வில் வருபவர் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. வரலாற்றுப் பாடநூல் ஒன்றை முழுதாக வாசித்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும் உச்சரிப்பு, அவசரமில்லாத நடை. அப்படி வாசிப்பவர்கள் எங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அவரிடம் இருந்தது சில வருடம் பழகிய லேப்டாப், 3.5 மில்லிமீட்டர் பின் கொண்ட சாதாரண காலர் மைக், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். அவ்வளவுதான்.

முதல் சில பாடங்கள் போனதுமே மாணவர்களிடமிருந்து புகார் வந்தது. "பின்னாடி சத்தம் வந்துகிட்டே இருக்கு. ஸ்பீடு கூட்டினா டீச்சர் சொல்றது பிடிபடல" என்றார் ஒருவர். இந்த மாணவர்கள் பலரும் பாடங்களை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். சாதாரண வேகத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இரைச்சல் அந்த வேகத்தில் வார்த்தைகளை விழுங்கிவிடும்.

புகாரைச் சொன்னதும் ஆசிரியை சும்மா இருக்கவில்லை. ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் வசதி இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதை இரண்டு முறை பலமாகப் போட்டு மறுபடி அனுப்பினார். இரைச்சல் குறைந்திருந்தது. ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. சகரமும் ஸகரமும் நசுங்கிப் போயிருந்தன. இந்தக் கட்டத்தில்தான் விஷயம் என்னிடம் வந்தது.

கச்சா ஃபைல்களில் கேட்டவை

எந்த வடிகட்டலும் செய்யாத மூல ஃபைல்களைக் கேட்டேன். நல்லவேளையாக அவர் எதையும் அழிக்கவில்லை. ஹெட்போனில் கேட்டேன், லேப்டாப் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாக வராது என்பதால் மின்சார ஹம் (மின்சாரத்தால் வரும் தாழ்ந்த ரீங்காரம்) இருந்தாலும் அதில் தெரியாது. அவருக்கு அது தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

கேட்கக் கேட்க ஒன்று தெளிவானது. எல்லோரும் பொதுவாக "இரைச்சல்" என்று சொன்னது எல்லா ஃபைலிலும் ஒரே சத்தம் இல்லை. ஃபைல்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன.

முதல் வகையில் குரல் தள்ளி நின்று பேசுவது போல இருந்தது. ஹம் இல்லை. ஆனால் சில நிமிடங்கள் ஓடிய பிறகு "ஹோ" என்ற காற்றுச் சத்தம் எழுந்து, கடைசி வரை நின்றது. வார்த்தைகளின் கடைசி எழுத்துகள் தேய்ந்திருந்தன. தமிழில் இது சின்னக் குறை இல்லை. வென்றான், வென்றாள், வென்றார் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. அரசர்களும் அரசிகளும் மாறி மாறி வரும் வரலாற்றுப் பாடத்தில் அது போனால் வாக்கியமே போச்சு.

இரண்டாம் வகையில் குரல் இன்னும் கிட்டத்தில் இருந்தது. ஆனால் அடியில் "கொர்ர்" என்று விடாத ரீங்காரம், அதன் மேல் "உஸ்" என்ற மெல்லிய சீறல். பேசாத இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தேன்; சராசரி -42 டெசிபல் (இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு அமைதி). ஒப்பீட்டுக்குச் சொன்னால், ஆடியோபுக் தயாரிப்புத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே, குரலின் சராசரி -23க்கும் -18க்கும் நடுவில், உச்சம் -3ஐத் தாண்டாமல். எங்களுக்கு அந்த விதி கட்டாயம் இல்லை. ஆனாலும் வேகமாக ஓட்டிக் கேட்பவர்களுக்கு அது நியாயமான இலக்கு என்று நான் நினைக்கிறேன்.

அந்த மௌனப் பகுதியை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் கூர்முனைகள் மேலே வரை போயின. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடம் அது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் இதே முனைகள் 60, 120, 180 என்று வரும். ஆக, மின்சாரம் எப்படியோ பதிவுக்குள் வருகிறது. எந்த வழியாக என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. அவர் வீட்டுக்குப் போனேன்.

எந்த மைக் பதிவு செய்கிறது?

ஒரே சாதனத்தில் பதிவான ஃபைல்கள் ஏன் இரண்டு வகையாக இருக்க வேண்டும்? முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான்.

அவர் வழக்கமாகச் செய்வது போலவே எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். காலர் மைக்கைச் செருகியதும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, செருகியது ஹெட்போனா, ஹெட்செட்டா, மைக்கா என்று கேட்டது. அவர் சட்டென்று அதை மூடினார். "இது எப்பவும் வரும் தம்பி, மூடிடுவேன்" என்றார். அப்புறம் பதிவுப் பட்டனை அழுத்திவிட்டு, காலர் மைக்கை விரல் நுனியால் மெதுவாகத் தட்டச் சொன்னேன். அளவுமானி அசையவே இல்லை. லேப்டாப் மூடியில், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை அருகே தட்டியதும் முள் எகிறியது.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியை மூடினால் லேப்டாப் செருகியதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த மைக்கில் பதிவு செய்கிறது. ஹெட்செட் என்று தேர்ந்தெடுத்த நாட்களில் மட்டும் காலர் மைக் வேலை செய்திருக்கிறது. முதல் வகை ஃபைல்கள் எல்லாம் உள் மைக்கில் பதிவானவை. அது லேப்டாப்பிலேயே இருப்பதால் விசிறிச் சத்தம் அதில் நேராக விழும், வாயிலிருந்தும் தள்ளி இருக்கிறது. போதாததற்கு, கூட்ட அழைப்புகளுக்காக வைத்திருக்கும் இரைச்சல் குறைப்பு அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை இறுதிகளைத் தேய்த்தது அதுதான். சவுண்ட் அமைப்புகளில் "மேம்பாடுகள்" என்ற பெயரில் இருக்கும் அதை நிறுத்தி வைத்தோம். ஆடாசிட்டியில் உள்ளீடாகக் காலர் மைக்கைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தோம்; "இயல்புநிலை" என்று விட்டால் லேப்டாப் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

காலர் மைக்கின் பின்னையும் பார்த்தேன். மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் அது, போன் ஹெட்செட்டுகளில் வருவது. லேப்டாப்பில் இருந்ததும் ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஒற்றை ஜாக். எனவே பொருத்தம் சரி. இரண்டு வளையம் உள்ள மைக் பின்னாக இருந்திருந்தால் இந்த ஜாக்கில் வேலையே செய்திருக்காது. அதற்கு ஒரு இடை ஒயர் தேவை.

சார்ஜர், எர்த், "சுர்ரு"

இனி காலர் மைக்கில் வரும் "கொர்ர்". யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு, ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி அரை நிமிடம் என்று போனோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றது. மௌனத்தின் அளவு -42இலிருந்து -52க்கு இறங்கியது. மாட்டியதும் திரும்ப வந்தது. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே லேப்டாப்பின் உலோக ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபோது ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தால் பழையபடி. அதைப் பார்த்துவிட்டு ஆசிரியை சொன்னது முக்கியமான துப்பு: "வெறுங்காலோட இருந்தா அந்த ஓரத்துல கை பட்டதும் லேசா சுர்ருங்கும் தம்பி. பழகிப்போச்சு."

சார்ஜரின் பிளக்கைத் தேடிப் பார்த்தோம். மூன்று பின் பிளக், ஆனால் ஒரு இரட்டைப் பின் கன்வெர்ட்டர் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தது. எர்த் எங்கும் போய்ச் சேரவில்லை. இந்த வகை சார்ஜர்களுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடச் சின்ன மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் லேப்டாப்பின் உடல் மின்னழுத்தத்தில் மிதக்கும். மின்வழங்கல் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி வரை போகும். ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுர்ரு என்பதோடு நிற்கிறது. ஆனால் மைக்கின் ஒயர் அதே உலோகத்தோடு இணைந்திருப்பதால், காதுக்கு அது பெரிய சத்தம். கை வைத்தால் குறைந்ததும் இதனால்தான்: மிதக்கும் மின்சாரம் தரைக்குப் போக உடல் ஒரு வழியாகிறது.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுச் சுவரில் இருந்த மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகினோம். ரீங்காரம் பெருமளவு அடங்கியது, அளவு -50. சுர்ரும் நின்றது. அந்த சாக்கெட்டின் எர்த் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடும்படி சொன்னேன், பார்த்துவிட்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் போக எர்த் பின்னை உடைத்துவிடு, எர்த் இல்லாத பிளக்கில் மாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. எர்த் உள்ள இரண்டு சாதனங்கள் ஒயரால் இணைந்து வளையமாகும்போது ஹம் வருவது உண்மை, அப்போது எர்த்தைத் துண்டித்தால் அது நிற்பதும் உண்மை. ஆனால் அந்தப் பின் இருப்பது உயிரைக் காப்பதற்கு. வளையத்தை உடைக்க பேட்டரியில் ஓட்டலாம், ஒலியை மட்டும் கடத்தி மின் இணைப்பைப் பிரிக்கும் ஆடியோ ஐசொலேட்டர் போடலாம். எர்த்தைத் தொடக் கூடாது.

காற்றை அடைத்த துணி

லேப்டாப்பின் அடியில் நான்காக மடித்த கனமான போர்வை இருந்தது. மேசை அதிர்வு மைக்கில் வரக் கூடாது என்று அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு. அடிப்பக்கத்தில்தான் காற்று உள்ளே போகும் துளைகள். போர்வை அவற்றை அடைத்ததால் லேப்டாப் சூடேறி, சில நிமிடங்களில் விசிறி முழு வேகத்துக்குப் போனது.

இரைச்சல் நீக்கும் வசதி ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருந்தது. அந்த வசதிக்கு முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்ட வேண்டும். அதை மாதிரியாக வைத்துத்தான் மற்ற இடங்களில் அது கழிக்கும். அவர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் சில வினாடிகளை மாதிரியாகக் கொடுத்திருந்தார். அப்போது விசிறி ஓடத் தொடங்கியிருக்காது. இல்லாத சத்தத்தின் மாதிரியை வைத்து, பிறகு வந்த சத்தத்தை எப்படி நீக்க முடியும்? பலன் தெரியவில்லை என்று அளவைக் கூட்டினார், மறுபடி ஓட்டினார். விசிறிச் சத்தம் கொஞ்சம் குறைந்தது, குரல் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

போர்வையை எடுத்துவிட்டு லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு தடித்த புத்தகங்களின் விளிம்பில் தூக்கி வைத்தோம். காலர் மைக்கின் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி வைத்தோம். திறந்து கிடந்த பிரவுசர் தாவல்களை மூடினோம். மின்சக்தி அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99க்கு இறக்கினேன். பல லேப்டாப்களில் இந்த ஒரு சதவீதம் டர்போ எனப்படும் தற்காலிகக் கூடுதல் வேகத்தை நிறுத்திவிடும், சூடு கணிசமாகக் குறையும். குரல் பதிவுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. விசிறி அதன் பிறகும் எப்போதாவது ஓடியது, ஆனால் குரலுக்கு அடியில் தெரியாத அளவில்.

உஸ்

மின்சாரமும் விசிறியும் விலகியதும் மிஞ்சியது சீறல். மைக் அமைப்பில், மைக்கிலிருந்து வருவதைப் பெருக்கும் பூஸ்ட் +30 டெசிபலில் இருந்தது. பூஸ்ட் குரலை மட்டும் தூக்காது. லேப்டாப்பின் சொந்த மின்சுற்றுச் சீறலையும் அதே அளவு தூக்கும். பூஸ்ட் ஏன் தேவைப்பட்டது என்றால், காலர் மைக் காலரில் இல்லை. புத்தகத் தாங்கியில் கிளிப் போட்டிருந்தார், வாயிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். புடவையில் மாட்டினால் உரசுகிறது என்பது அவர் சொன்ன காரணம், நியாயமானதுதான்.

தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 50இலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 10 டெசிபல் கூடும். அதாவது பூஸ்ட்டை +20க்கு இறக்கலாம், குரல் அதே அளவில் இருக்கும், சீறல் 10 டெசிபல் இறங்கும். உரசலைத் தவிர்க்க மைக்கைப் புடவையின் விளிம்பில் மாட்டாமல், பருத்தித் துணிப் பட்டை ஒன்றைக் கழுத்தைச் சுற்றி இறுக்கமில்லாமல் கட்டி, அதில் மாட்டினோம். ஒயரைக் கிளிப்புக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டி வைத்ததில் இழுபடும் சத்தமும் போனது. பஞ்சுத் தொப்பியை மைக்கின் மேல் போட்டதும் "ப", "ஃப" வரும்போது விழுந்த காற்றடியும் நின்றது.

பேட்டரியில் ஓட்டி அளந்தபோது மௌனம் -62. சார்ஜரில், எர்த்தோடு, -57. அந்த ஐந்து டெசிபல் வித்தியாசத்தில் ஒளிந்திருந்தது ஒரு மெல்லிய கீச்சு. பக்கத்தை மேலே கீழே நகர்த்தும்போது அதன் சுருதி மாறியது. லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் சவுண்ட் பகுதி அருகிலிருக்கும் மின்சுற்றுகளின் ஓட்டத்தைப் பிடிக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அமைப்புகளை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

எடுத்த முடிவுகள்

ஆசிரியையின் மகள் நல்ல மைக்காக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன், காரணத்தோடு. பார்த்தவரை மைக்கில் குறை எதுவும் இல்லை. ஸ்டுடியோ கண்டென்சர் மைக் வாங்கியிருந்தால் அது விசிறியையும் தெருவையும் இன்னும் துல்லியமாகப் பிடித்திருக்கும்.

முதல் முடிவு, பேட்டரியில் மட்டும் பதிவு செய்வது. லேப்டாப்பின் பேட்டரி பழையது, அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். அதனால் ஒவ்வொரு பாடத்தையும் உட்தலைப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அமர்விலும் இருபது இருபத்தைந்து நிமிடம் வாசிப்பது என்று வைத்துக்கொண்டார். அவர் தொண்டைக்கும் அது நல்லதாக இருந்தது.

இரண்டாவது, பேட்டரி போதாத நீளமான பாடங்களுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர். ஒலியை எண்ணாக மாற்றும் வேலையை அது லேப்டாப்புக்கு வெளியே செய்வதால் அந்தக் கீச்சு பெரும்பாலும் போய்விடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னேன்: மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஜாக் உள்ள அடாப்டரில் இந்த மூன்று வளையப் பின் நேராக வேலை செய்யாது. ஒற்றை ஜாக் உள்ளதாக வாங்கினார். யூஎஸ்பி வழியாகவும் சார்ஜரின் இரைச்சல் உள்ளே வரும் வாய்ப்பு உண்டு என்பதால், சார்ஜர் மாட்டிய நிலையிலேயே அளந்து பார்த்தோம், -61 வந்தது. போதும்.

மூன்றாவது, இரைச்சல் நீக்கும் வசதியை வாசிப்பவர் யாரும் தொடக் கூடாது என்பது. தேவைப்பட்டால் நான் இங்கே போட்டுக்கொள்கிறேன், மூலத்தை மட்டும் அனுப்புங்கள் என்றேன். அதில் ஆசிரியைக்கு முதலில் வருத்தம். கற்றுக்கொண்டதை விடச் சொல்கிறேனே என்று. இரண்டு ஃபைலையும் இரட்டை வேகத்தில் போட்டுக் காட்டியதும் அவரே "வேண்டாம்" என்றுவிட்டார்.

பிறகு நடந்தது

அடுத்து வந்த பாடங்களில் குரலின் சராசரி -21 டெசிபல், உச்சம் -6ஐ ஒட்டி. முதலில் புகார் சொன்ன மாணவருக்கே அனுப்பினோம். இரட்டை வேகத்தில் தடையில்லாமல் கேட்க முடிகிறது என்றார். பக்கம் புரட்டும் சத்தம் இப்போது கேட்கிறது என்றும் சொன்னார். முன்பு இரைச்சலுக்கு அடியில் புதைந்திருந்த சத்தம் அது. வாசிப்பவர் இப்போது பக்கத்தின் கடைசி வாக்கியத்தை முடித்து, நிறுத்தி, புரட்டிவிட்டுத் தொடங்குகிறார். அந்த இடைவெளியை வெட்டுவது எனக்குச் சுலபம்.

பழைய ஃபைல்களில் காலர் மைக்கில் பதிவானவற்றை ஓரளவு மீட்க முடிந்தது. 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் குறுகலான வடிகட்டி போட்டு, சீறலை 6 டெசிபல் மட்டும் குறைத்தேன். அதற்கு மேல் போனால் குரல் பாதிக்கும். உள் மைக்கில் பதிவானவற்றை மீட்க வழியில்லை. தேய்ந்துபோன வார்த்தை இறுதிகள் ஃபைலிலேயே இல்லை. எந்த மென்பொருளாலும் அவற்றை உண்மையாகத் திருப்பித் தர முடியாது. அந்தப் பாடங்களை ஆசிரியை மறுபடி வாசித்தார்.

குழுவில் மாற்றியவை

புதிதாகச் சேரும் எவரிடமும் இப்போது பாடத்துக்கு முன்பு ஒரு சோதனைப் பதிவு கேட்கிறோம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: மைக்கை ஒரு முறை தட்டும் சத்தம், பேசாமல் அரை நிமிடம், பத்து நிமிடம் கழித்து மீண்டும் பேசாமல் அரை நிமிடம். தட்டல் கேட்காவிட்டால் வேறு மைக் பதிவாகிறது. இரண்டு மௌனங்களுக்கும் வித்தியாசம் இருந்தால் விசிறியைப் பார்க்கிறோம். ரீங்காரம் இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்னொன்று அனுப்பச் சொல்கிறோம், பிளக்கின் படத்தோடு.

பாடம் வாரியாக வரும் ஃபைல்களில் முதல் ஃபைலை வந்த அன்றே கேட்டுவிடுவது என்றும் வைத்திருக்கிறோம். ஆசிரியையின் பாடங்கள் பல சேர்ந்த பிறகுதான் மாணவர்கள் கைக்குப் போயின. முதல் ஃபைலிலேயே தட்டிப் பார்த்திருந்தால் அவர் அத்தனை பாடங்களை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்திருக்காது.